மஞ்சளாகும் பாட்டில்

ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு கிடையாது. எடுத்தாயிற்று. அப்புறம் ஏன் சிலருக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து அதே பல்லுக்கு மேலே ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வருகிறது? அழுத்தினால் கொஞ்சம் சீழ் வரும், வாய் கசக்கும், நாலு நாளில் அமுங்கிவிடும். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி. "உடம்பு சூடு" என்று இளநீர் குடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. இளநீர் நல்லதுதான். ஆனால் விஷயம் பல்லுக்கு வெளியே, வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பில் நடக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அந்த இடத்தில் எலும்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம். வேருக்குள் பதுங்கியிருக்கும் பாக்டீரியாவும் அதன் கழிவுகளும் நுனி வழியாக வெளியே கசிய, அதை எதிர்க்க உடம்பு படையைக் குவிக்கிறது. அந்தச் சண்டையில் அழிவது எலும்பு. வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல வருடம் சத்தமே போடாமல் கிடக்கும் வட்டங்கள் நிறைய.

இதற்கெல்லாம் பாக்டீரியாதான் காரணம் என்பது இன்று சாதாரண உண்மை. ஆனால் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது 1965ல் வந்த ஓர் எலிச் சோதனை. ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று அமெரிக்கர்கள் எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்து உள்ளே இருக்கும் கூழைத் திறந்து விட்டார்கள். அடைக்கவில்லை, மருந்து வைக்கவில்லை. எலி தின்கிற தீனி அந்த ஓட்டைக்குள் போய் அடைந்து கிடந்தது. சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் செத்து, வேர் நுனியில் சீழ் கட்டியது. பிறந்ததிலிருந்து கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கு? ஒன்றும் ஆகவில்லை. ஓட்டைக்குக் கீழே பற்கூழ் தானே ஒரு புதுப் பாலம் கட்டி மூடிக்கொண்டது. அதே ஓட்டை, அதே தீனி. வித்தியாசம் கிருமி மட்டும்.

1976ல் ஸ்வீடனில் சுண்ட்க்விஸ்ட் மனிதப் பல்லிலும் இதையே பார்த்தார். அடிபட்டு உள்ளே செத்துப்போன, ஆனால் வெளியே சொத்தையோ விரிசலோ தெரியாத பற்களைத் திறந்து பார்த்தார். எலும்பு கரைந்திருந்த பற்களில்தான் பாக்டீரியா இருந்தது. கரையாத பற்களில், கூழ் செத்திருந்தும், கிருமி இல்லை. ஆக, செத்த பல் பிரச்னை இல்லை. குடியேறியவர்கள்தான் பிரச்னை.

சரி, ரூட் கெனால் என்பதே அவர்களைக் காலி செய்வதற்குத்தானே? ஆமாம். ஆனால் வேர்க்குழாய் என்பது படத்தில் போடுவது மாதிரி நேரான ஒற்றைக் குழாய் இல்லை. நுனிக்குப் பக்கத்தில் அது ஆற்று முகத்துவாரம் போலக் கிளை கிளையாகப் பிரியும். ஊசி போன்ற ஃபைல் அந்தக் கிளைகளுக்குள் போகாது. மருந்துத் தண்ணீரும் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. மிச்சம் இருக்கிறவை பட்டினியாகக் கிடந்தும் பிழைத்துக்கொள்ளும்.

பெரும்பாலும் இரண்டாவது முறை ரூட் கெனாலையே திருப்பிச் செய்வார்கள். அது முடியாத இடம் சில உண்டு. மேலே நல்ல கிரவுன், உள்ளே உலோகக் கம்பி. அதைப் பிடுங்கினால் வேரே பிளந்துவிடும். அப்போது பின்வாசல் வழியாகப் போக வேண்டும். ஈறைத் திறந்து, எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டி, வேரின் கடைசி 3 மில்லிமீட்டரை அறுத்து எடுத்துவிடுவார்கள். ஏன் 3? நுனிக் கிளைகளில் 98 சதவீதமும் பக்கக் கிளைகளில் 93 சதவீதமும் அந்த 3 மில்லிமீட்டருக்குள் போய்விடும் என்பது பாடப் புத்தகக் கணக்கு.

இது புதிய யோசனையும் இல்லை. 1884லேயே ஃபர்ரார் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வேரை வெட்டும் இந்த சிகிச்சை பற்றி எழுதியிருக்கிறார். தலைப்பிலேயே அதை "வீரதீரமானது" என்று சொல்லிக்கொண்டார். யாருடைய வீரம், டாக்டருடையதா நோயாளியுடையதா என்பது தெரியவில்லை :-)

நுனியை வெட்டியதும் கதை முடியவில்லை. வெட்டிய இடத்தில் வேர்க்குழாயின் வாய் திறந்து கிடக்கும். உள்ளே மிச்சமிருக்கும் பாக்டீரியாவுக்கு இப்போது வாசல் இன்னும் அகலம். அதனால் வெட்டிய முனையில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அதில் எதையாவது வைத்து அடைக்க வேண்டும். இதுதான் வேர்முனை அடைப்பு. பாட்டிலுக்குத் தக்கை மாதிரி. எதை வைத்து அடைப்பது என்ற கேள்விக்குத்தான் பல் மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளைச் செலவழித்திருக்கிறது.

முதலில் வெகுகாலம் அமால்கம். சொத்தைப் பல்லுக்கு வைக்கும் அதே வெள்ளி அடைப்பு. கையில் இருந்தது, வைத்தார்கள், அவ்வளவுதான் காரணம். வைத்ததும் ஓரங்களில் கசியும், நாளாக ஆகத் துருப்பிடிக்கும், ஈறில் நீலக் கறுப்பாகப் பச்சை குத்தியது போல ஒரு கறை விழும். பாதரசம் வேறு. அடுத்து வந்தவை ஐ.ஆர்.எம்., சூப்பர் இ.பி.ஏ. என்ற இரண்டு. இரண்டும் துத்தநாக ஆக்ஸைடை யூஜினாலோடு சேர்த்துப் பிசையும் வகை. யூஜினால் என்றால் கிராம்பு எண்ணெயில் இருக்கும் சரக்கு. பல் டாக்டர் கிளினிக்குக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்குமே, அதுதான்.

இவற்றில் எது நன்றாக அடைக்கிறது? இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த பாட்டில்.

சோதனையின் அமைப்பு எளிமையானது. யாருக்காகவோ பிடுங்கிய ஒற்றை வேர்ப் பல்லை எடுத்து, தலையை வெட்டிவிட்டு, வேர்க்குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டி, குழி தோண்டி, சோதிக்க வேண்டிய பொருளால் அடைக்க வேண்டும். வேரின் வெளிப்பக்கம் முழுக்க நகப் பாலிஷ் பூச வேண்டும். (ஆமாம், கடையில் விற்கும் அதே நகப் பாலிஷ்தான். ஆய்வுக்கூடத்தில் சிவப்பு, ரோஸ் எல்லாம் இருக்கும்.) பிறகு வேரை ஒரு பிளாஸ்டிக் குழாயின் அடியில் பொருத்தி ஒட்டி, கீழே கண்ணாடி பாட்டிலில் இருக்கும் சத்துத் திரவத்தில் நுனி மட்டும் முழுகும்படி தொங்கவிட வேண்டும். மேலே பாக்டீரியாவை ஊற்ற வேண்டும். 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து தினமும் எட்டிப் பார்க்க வேண்டும்.

கீழே இருக்கும் திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருக்கும். சிவப்பாக இருக்கும். மேலே இருந்து பாக்டீரியா அடைப்பைத் தாண்டி இறங்கிவிட்டால், திரவத்தில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், சிவப்பு மஞ்சளாகும். எத்தனையாவது நாள் மஞ்சளானது என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி யாருக்கும் புரியும்.

1995ல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொரபினெஜாத் குழு இப்படி ஒரு சோதனை செய்தது. மேலே ஊற்றியது ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம் எல்லார் தோலிலும் வாழ்கிற பாக்டீரியா. அமால்கம், சூப்பர் இ.பி.ஏ., ஐ.ஆர்.எம். மூன்றிலும் பெரும்பாலான பற்கள் 6 முதல் 57 நாட்களுக்குள் கசிந்துவிட்டன. மூன்றுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. நான்காவதாக ஒரு புதுப் பொருள் இருந்தது. அதில் பெரும்பாலான பற்கள் 90 நாள் முடிந்தும் கசியவில்லை. பாட்டில்கள் சிவப்பாகவே நின்றன.

அந்தப் பொருள் எம்.டி.ஏ. மினரல் ட்ரைஆக்ஸைட் அக்ரிகேட் என்று முழுப் பெயர். பெயர் என்னவோ ராக்கெட் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் 75 சதவீதம் போர்ட்லாண்ட் சிமென்ட், அதாவது 1824ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய, வீடு கட்டும் சிமென்ட்டின் சுத்தமான தம்பி. 20 சதவீதம் பிஸ்மத் ஆக்ஸைடு, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காக. மிச்சம் 5 சதவீதம் ஜிப்சம். ஒரு மூட்டை சிமென்ட் வாங்குகிற காசுக்கு இதில் ஒரு கிராம்கூடக் கிடைக்காது. அதற்காகக் கொத்தனாரிடம் கடன் வாங்கிப் பல்லில் வைத்துவிட முடியாது. கட்டட சிமென்ட்டில் ஆர்சனிக் முதலான வேண்டாத உலோகங்களின் அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

சிமென்ட் ஏன் ஜெயித்தது என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மற்றப் பொருட்களுக்கு ஈரம் எதிரி. அறுவையின்போது வேர் நுனியில் ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும், அங்கே எதையும் காய வைத்து ஒட்டுவது லேசான வேலையில்லை. சிமென்ட்டுக்கு ஈரம்தான் சாப்பாடு. தண்ணீர் இருந்தால்தான் இறுகும். இறுக 2 மணி 45 நிமிடம் ஆகும் என்பதும், பிசைந்தால் ஈர மணல் மாதிரி கையில் நிற்காது என்பதும் அதன் குறைகள். ஆனால் இறுகியபின் அதிலிருந்து வெளியேறும் கால்சியம் உடம்புத் திரவத்தில் இருக்கும் பாஸ்பேட்டோடு சேர்ந்து, அடைப்புக்கும் பல்லுக்கும் இடையில் எலும்பில் இருப்பது போன்ற அபடைட் படிவை உண்டாக்குகிறது. 2005ல் இதை விளக்கமாகக் காட்டினார்கள். இடுக்கை அடைக்க வைத்த பொருள், தானே மேற்கொண்டு இடுக்கை அடைக்கிறது. 1999ல் புரோரூட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

1998ல் ஃபிஷர், ஆரென்ஸ், மில்லர் மூவரும் வேறு பாக்டீரியாவை வைத்து இதே போட்டியை நடத்தினார்கள். அமால்கம் 10வது நாளிலிருந்து கசிய ஆரம்பித்தது. ஐ.ஆர்.எம். 28. சூப்பர் இ.பி.ஏ. 42. எம்.டி.ஏ. 49. மறுபடியும் சிமென்ட்தான் முதலிடம். ஆனால் கவனித்தீர்களா, இங்கே இரண்டாம் இடத்துக்கும் முதலிடத்துக்கும் முதல் கசிவில் ஒரு வாரம்தான் வித்தியாசம். 1999ல் அடாமோ குழு எம்.டி.ஏ., சூப்பர் இ.பி.ஏ., காம்போசிட், இரண்டு விதமாக வைத்த அமால்கம் என்று ஐந்தை ஒப்பிட்டது. 4 வாரம், 8 வாரம், 12 வாரம், மூன்றிலும் ஐந்துக்கும் இடையே புள்ளிவிவரப்படி வித்தியாசமே இல்லை.

இங்கேதான் கொஞ்சம் நின்று பாட்டிலை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே பொருள், ஒரே மாதிரிப் பல், கிட்டத்தட்ட ஒரே மாதிரி சோதனை. ஓரிடத்தில் கெட்டிக்காரன், இன்னோர் இடத்தில் எல்லாரையும் போல ஒருவன். அப்படியானால் பாட்டில் எதைத்தான் அளக்கிறது?

முதல் சிக்கல், மஞ்சள் என்பது ஆம் அல்லது இல்லை. எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. கீழே இருப்பது என்ன? வெதுவெதுப்பான சத்துச் சாறு. எதிரி யாரும் இல்லை. தப்பித்தவறி ஒரே ஒரு பாக்டீரியா இறங்கினாலும் அது இரண்டாகி, நாலாகி, இரண்டு நாளில் கோடிக்கணக்கில் பெருகி பாட்டிலை மஞ்சளாக்கிவிடும். லட்சம் பாக்டீரியா இறங்கினாலும் அதே மஞ்சள். வாயில் நிலைமை அப்படியா? வேர் நுனிக்கு வெளியே வெள்ளணுக்கள் காவல் நிற்கின்றன. ஒன்றிரண்டு பாக்டீரியா வெளியே வந்தால் தின்று ஏப்பம் விட்டுப் போய்விடும். உடம்பு தோற்பது தொடர்ந்து வரும் கூட்டத்திடம். ஒன்றையும் கூட்டத்தையும் பாட்டிலால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். மஞ்சளாக்கிய பாக்டீரியா எந்த வழியாக வந்தது? அடைப்பின் ஓரமாக வந்தது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பல்லைப் பிளாஸ்டிக் குழாயோடு ஒட்டிய இடம் கசிந்தால்? நகப் பாலிஷில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால்? 2011ல் ரெஷென்பர்க், டி-டியூஸ், ஸேண்டர் மூவரும் இந்த ஒட்டும் இடத்தையே சோதனைக்கு எடுத்தார்கள். மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலான அந்த இணைப்பே தவறுக்கு இடம் கொடுக்கக்கூடியது, வெளியான பல ஆய்வுகள் அதைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்பது அவர்கள் சொன்ன செய்தி. அதாவது பல ஆய்வேடுகள் வேர்முனை அடைப்பைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டு, பசையைச் சோதித்திருக்கலாம்.

மூன்றாவது, எம்.டி.ஏ.வுக்கு மட்டும் பொருந்தும் சந்தேகம். சிமென்ட் இறுகும்போது கடும் காரத்தன்மை, பி.எச். 12.5 வரை போகும். மஞ்சளாவது அமிலத்தால். காரம் சிறிது சிறிதாகக் கீழே கசிந்துகொண்டிருந்தால் சாயம் மஞ்சளாவது தாமதமாகாதா? இது வெறும் குதர்க்கம் இல்லை. பாக்டீரியாவுக்குப் பதில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் பல்லை முக்கி, எவ்வளவு தூரம் நீலம் ஏறியது என்று பார்க்கும் இன்னொரு வகைக் கசிவுச் சோதனை உண்டு. எம்.டி.ஏ. அதிலும் பிரமாதமாக ஜெயித்தது. 1998ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வூ, கொண்டகியோடிஸ், வெஸ்ஸலிங்க் ஒரு சின்ன விஷயத்தைக் காட்டினார்கள்: எம்.டி.ஏ. பட்டால் மெத்திலீன் நீலம் நிறம் போய்விடுகிறது. நீலம் ஏறாமல் இருந்ததா, ஏறியபின் வெளுத்துப்போனதா? வெட்டிப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதே வூவும் வெஸ்ஸலிங்க்கும் 1993லேயே எச்சரித்திருந்தார்கள். கசிவு ஆய்வுகளாகக் குவித்துக்கொண்டே போவதை விட்டுவிட்டு, முதலில் சோதனை முறையைச் சரி பாருங்கள் என்று. யார் கேட்டார்கள்? ஆய்வுகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் 2007ல் அமெரிக்காவின் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் இதழின் ஆசிரியர் குழு, எது நன்றாக அடைக்கிறது என்று ஒப்பிடும் இந்த வகைக் கட்டுரைகளை இனி வெளியிடப்போவதில்லை என்று தலையங்கம் எழுதியது. 1995, 1998 சோதனைகள் வெளியானதும் அதே இதழில்தான். தன் பக்கங்களில் வளர்ந்த ஒரு சோதனைக்குத் தானே கதவைச் சாத்தியது. பெரிய மனசு என்றும் சொல்லலாம், தாமதம் என்றும் சொல்லலாம்.

சரி, பாட்டிலை ஓரம் கட்டிவிட்டு மனிதர்களிடம் கேட்டால் என்ன பதில் வந்தது?

1990ல் டார்ன், கார்ட்னர் இருவரும் பழைய நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். அமால்கம் வைத்தவர்களில் 75 சதவீதம் வெற்றி, ஐ.ஆர்.எம். 91, சூப்பர் இ.பி.ஏ. 95. அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வில், முதலில் வெற்றி என்று எழுதிவைத்த 104 அமால்கம் பற்களைப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தால் 57.7 சதவீதம்தான் நல்லபடியாக இருந்தன. அமால்கம் தேறாது என்பதில் பாட்டிலும் மனிதர்களும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 1995 பாட்டிலில் அமால்கமும் ஐ.ஆர்.எம்.மும் ஒரே தட்டில் இருந்தன. மனிதர்களில் இரண்டுக்கும் இடையே 16 சதவீத இடைவெளி.

அடுத்தது முக்கியமானது. 2003ல் லண்டனில் சாங், பிட் ஃபோர்ட், ஹட்சன் மூவரும் எம்.டி.ஏ.வையும் ஐ.ஆர்.எம்.மையும் நோயாளிகளில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பிட் ஃபோர்ட் 1995 பாட்டில் சோதனையிலும் பெயர் இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டிலோடு நிற்காமல் நோயாளி வரைக்கும் போனவர். ஒரு வருடத்தில் எம்.டி.ஏ. 84 சதவீதம், ஐ.ஆர்.எம். 76. இரண்டு வருடத்தில் 92, 87. சிமென்ட் கொஞ்சம் முன்னே இருக்கிறது, ஆனால் புள்ளிவிவரப்படி வித்தியாசம் என்று சொல்ல முடியாது. 2005ல் நெதர்லாந்தில் லின்டெபோம் குழு பார்த்தபோது ஒரு வருடத்தில் 92க்கு 86, அதே முடிவு. 2012ல் கொரியாவில் சாங், கிம் இருவரும் எம்.டி.ஏ.வை சூப்பர் இ.பி.ஏ.வோடு ஒப்பிட்டார்கள். 95.6க்கு 93.1. மறுபடியும் அதே முடிவு.

பாட்டிலில் ஒன்று ஆறாம் நாளே கசிகிறது, இன்னொன்று தொண்ணூறாம் நாளும் கசியவில்லை. வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஏன்?

பதிலில் ஒரு பங்கு, அடைப்பைச் சுற்றி நடக்கும் வேலையில் இருக்கிறது. பழைய காலத்தில் டாக்டரின் கண்ணுக்குத் தெரிவதற்காக வேர் நுனியை 45 டிகிரி சாய்வாக வெட்டுவார்கள். பல்லின் டென்டின் முழுக்க நுண்குழாய்கள். சாய்வாக வெட்டினால் அவற்றில் நிறைய வாய் திறந்துகொள்ளும். அடைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாக்டீரியாவின் கழிவு அதைச் சுற்றிக்கொண்டு டென்டின் வழியாகவே வந்துவிடும். 1994ல் மெல்போர்னிலிருந்து கில்ஹீனி குழு இதற்குக் கணக்கே போட்டது. நேராக வெட்டினால் அடைப்பு 1 மில்லிமீட்டர் ஆழம் போதும். 30 டிகிரி சாய்த்தால் 2.1 வேண்டும். 45 டிகிரி என்றால் 2.5. எந்தப் பொருள் என்பதற்கு முன்னால், எப்படி வெட்டினார் என்பது வந்து நிற்கிறது.

நேராக வெட்டினால் குழியை எப்படித் தோண்டுவது? அந்தச் சின்ன ஜன்னலுக்குள் டிரில்லின் தலை திரும்பாது. 1990களில் வளைந்த அல்ட்ராசோனிக் முனைகள் வந்தன. வேரின் நீளவாக்கிலேயே குழி எடுக்க முடிந்தது. அப்புறம் மைக்ராஸ்கோப். அதுவரை கண்ணில் படாத இரண்டாவது குழாய், இரண்டு குழாய்களுக்கு நடுவில் ஓடும் மெல்லிய இடுக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. 2010ல் செட்ஸர் குழு வெளியான ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டது. டிரில், சாய்வு வெட்டு, அமால்கம் என்ற பழைய பாணிக்கு 59 சதவீதம். மைக்ராஸ்கோப், அல்ட்ராசோனிக், புதுப் பொருட்கள் என்ற புதுப் பாணிக்கு 94. 2012ல் அவர்களே இன்னொரு கணக்கும் போட்டார்கள். அல்ட்ராசோனிக்கும் புதுப் பொருட்களும் உண்டு, ஆனால் அந்த அளவு உருப்பெருக்கம் இல்லை என்றால் 88. ஆக 59லிருந்து 94க்கு ஏறியதில் பொருளின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்தெடுக்க வழியில்லை. எல்லாம் சேர்ந்தே மாறின.

இதைப் படித்துவிட்டு "அப்போ எம்.டி.ஏ. சும்மாவா" என்று கேட்கக் கூடாது. சும்மா இல்லை. சுற்றியுள்ள திசு அதை ஏற்றுக்கொள்கிறது, அதன் மேலேயே வேரைப் போர்த்தும் சிமென்டம் புதிதாக வளர்கிறது. அந்த சாட்சி பாட்டிலிலிருந்து வரவில்லை, திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அமால்கத்தை வேர் நுனியிலிருந்து விரட்டியதில் பாட்டிலுக்கும் பங்கு உண்டு, அதை மறுக்க வேண்டாம். ஒரு பொருளை முதல் சுற்றிலேயே தள்ளிவிட பாட்டில் போதும். தேறிய நாலு பேரில் யார் முதல் என்று சொல்ல அதற்கு யோக்கியதை இல்லை. சிக்கல் எங்கே என்றால், எல்லாரும் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டாவது கேள்வியை.

இன்னமும் கேட்கிறார்கள். 2007க்குப் பிறகும், பயோசெராமிக் புட்டி, பயோடென்டின் என்று சிமென்ட்டின் அடுத்த தலைமுறை ஒவ்வொன்றாக வர வர, ஒவ்வொன்றுக்கும் ஒரு கசிவுச் சோதனை எங்காவது ஓர் இதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் ஊர் எம்.டி.எஸ். ஆய்வேடுகளிலும் இது பழகிய தலைப்பு. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்.டி.எஸ். மூன்று வருடம். அதில் தலைப்பு முடிவாகி, அனுமதி வாங்கி, எழுதிக் கட்டிக் கொடுக்கிற காலத்தைக் கழித்தால் கையில் இருப்பது கொஞ்ச மாதங்கள். பிடுங்கிய பல் அறுவைத் துறையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கும். பாட்டில் மலிவு. 90 நாளில் எண்கள் வந்துவிடும். ஒரு குழுவுக்குப் பத்துப் பல், நாலு குழு, ஒரு வரைபடம், வைவாவுக்குத் தயார். நோயாளியில் செய்ய வேண்டுமானால் ஒவ்வொருவரையும் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வரவழைக்க வேண்டும். பாதிப் பேர் வருவதற்குள் படிப்பு முடிந்து அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

ஒரு துறையாகச் சேர்ந்தால் முடியும். இந்த வருடம் அறுவை செய்கிற மாணவர் பொருளையும் வெட்டிய கோணத்தையும் எக்ஸ்ரேயையும் ஒழுங்காகப் பதிந்து வைத்தால், மூன்றாவது ஜூனியர் அந்த நோயாளிகளை அழைத்துப் பார்த்து அதை ஆய்வேடாக எழுதலாம். செலவு பெரிதாக இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், அதை மூன்று வருடம் தொலைக்காத ஒருவர். சிரமமானது ஆளைத் திரும்ப வரவழைப்பதுதான். லண்டன் ஆய்விலேயே ஒரு வருடப் பரிசோதனைக்கு வந்தவர்கள் 122 பேர், இரண்டு வருடத்தில் அது 108 ஆகக் குறைந்தது. நம் ஊரில் போன் நம்பர் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், வெளியூர் வேலைக்குப் போயிருப்பார். கிடைத்துவிட்டாலும் மறுமுனையிலிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "இப்ப வலியே இல்லையே டாக்டர், எதுக்கு வரணும்?" எக்ஸ்ரேயில் தெரியும் அந்தக் கறுப்பு வட்டம் வலிக்காமலே வளரும் என்பதை அந்த ஒரு நிமிட போனில் அவருக்குப் புரிய வைக்க வேண்டும்.